பெரிய நகரத்துக்குக் குடிபோகிறீர்களா? ஏரியா பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி பதில்

வேறு ஊரிலிருந்து வருபவர்களுக்கு வீடு தேடித் தரும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். "இந்த ஏரியா சேஃப்பா?" என்று கேட்காத ஆளே கிடையாது. அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஏரியாவின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், உங்கள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் உள்ள வழியைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது, கீழேயும் சுற்றிச் சுற்றி அதுதான் வரும்.

கேள்வி: அக்கா, நான் வேலைக்குப் போகிற நகரத்தின் குற்ற வரைபடத்தை நெட்டில் பார்த்தேன். ஆபீஸைச் சுற்றியுள்ள ஏரியா முழுக்கச் சிவப்பு. அந்தப் பக்கமே போக வேண்டாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நடந்த குற்றங்களை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆபீஸ், ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் உள்ள இடத்தில் குடியிருப்பவர்கள் கொஞ்சம் பேர், பகலில் வந்து போகிறவர்கள் பல மடங்கு. பிக்பாக்கெட் அடிக்கப்படுவது வந்து போகிறவர்களிடம், கணக்கு வகுக்கப்படுவது குடியிருப்பவர்களை வைத்து, அப்புறம் அந்த இடம் சிவக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது, எந்த வகைக் குற்றம் என்று பிரித்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையில் கடைத் திருட்டு, கார் திருட்டு, குடித்துவிட்டுச் சண்டை, குடும்பத்துக்குள் நடந்த அடிதடி எல்லாம் கலந்திருக்கும். புதிதாகக் குடிவரும் உங்களுக்கு முக்கியமானவை வழிப்பறி, வீடு புகுந்து திருடுவது, முன்பின் தெரியாத ஆள் தாக்குவது, இவ்வளவுதான். இவற்றைத் தனியாக எடுத்து மூன்று நான்கு வருடத்துக்குப் பாருங்கள், ஒரு மாதக் கணக்கு ஒன்றுமே சொல்லாது.

இன்னொன்று, குற்றம் ஏரியா முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு ஒரு வருடம் வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் முகவரி வாரியாகப் பிரித்து 1989-ல் வெளியிட்டார்கள். மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிறகு வேறு பல நகரங்களில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பெயர் கெட்ட ஏரியாவிலும் வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காத தெருக்கள் நிறைய உண்டு, நல்ல பெயர் எடுத்த ஏரியாவில் ஒரே ஒரு முனை மோசமாக இருப்பதும் உண்டு. வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

வெள்ளையாகத் தெரியும் இடத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். போலீஸ் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் புகாரே கொடுக்க மாட்டார்கள், வரைபடம் சுத்தமாக இருக்கும்.

கேள்வி: வீடு பார்க்க ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது. அன்றைக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

வீட்டுக்குள் செலவழிக்கிற நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகல் 11 மணிக்குப் பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். நீங்கள் வேலை முடிந்து வரப்போகிற நேரத்துக்கு, பஸ்ஸோ ரயிலோ எதில் வரப்போகிறீர்களோ அதிலேயே வந்து இறங்கி, அங்கிருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் நடந்து பாருங்கள். டாக்ஸியில் போய் வாசலில் இறங்கினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நடக்கும்போது விளக்கு எத்தனை என்று எண்ணுவதை விட, எதிரே வருகிறவரின் முகம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று பாருங்கள். பளீரென்று ஒரு விளக்கும் அதை அடுத்து நீளமான இருட்டும் இருந்தால் கண் கூசி, இருட்டில் நிற்பவர் தெரியவே மாட்டார், மங்கலாக இருந்தாலும் தொடர்ச்சியான வெளிச்சம்தான் நல்லது. ஒரு பக்கம் முழுக்க நீளமான காம்பவுண்டுச் சுவரா, இல்லை வாசலும் ஜன்னலும் தெருவைப் பார்த்து இருக்கின்றனவா? தெருவை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தத் தெரு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளர் 1961-லேயே எழுதினார். ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடை, மாடியில் நின்று போன் பேசும் ஒருவர், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்று யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பாருங்கள். வயதானவர்களும் தனியாக வரும் பெண்களும் சாதாரணமாக, வேகத்தைக் கூட்டாமல் நடந்து போகிறார்கள் என்றால் அதை விட நல்ல அறிகுறி இல்லை.

அப்புறம் கதவைப் பாருங்கள். உங்கள் கதவை மட்டும் பார்த்தால் போதாது, மாடிப்படி ஏறும்போது மற்ற வீட்டுக் கதவுகளையும் பார்த்துக்கொண்டே போங்கள். நிலைச்சட்டத்தில் பூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் புது மரம் ஒட்டி வேறு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தால், அந்தக் கதவை யாரோ நெம்பியிருக்கிறார்கள். கீழே தபால் பெட்டிகளின் மூடி வளைந்திருக்கிறதா, பொதுக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா இல்லை கல் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்களா, நிறுத்தியிருக்கும் சைக்கிளுக்கு ஒரு பூட்டா மூன்று பூட்டா, எல்லாவற்றையும் கவனியுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

கேள்வி: புரோக்கரும் வீட்டு ஓனரும் "இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை" என்றே சொல்கிறார்கள். யாரிடம் கேட்பது?

அவர்களிடம் வேறு என்ன பதில் வரும்! "பாதுகாப்பானதா" என்று யாரிடமும் கேட்காதீர்கள், ஆமாம் என்ற பதில்தான் வரும். "ராத்திரி வண்டியை வெளியே விடலாமா?", "பார்சல் வந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போகலாமா?", "கடைசியாக இந்தத் தெருவுக்குப் போலீஸ் எதற்கு வந்தது?" என்று கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர், வாட்ச்மேன், அந்தத் தெருவுக்குத் தினமும் பார்சல் கொண்டுவரும் பையன் ஆகியோருக்குத் தெரியாத விஷயம் இருக்காது. முன்பு குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்று கட்டாயம் கேளுங்கள்.

திருட்டு நடந்த வீடா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த சில வாரங்களில் அதே வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மறுபடி நடக்க வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உள்ளே வர வழி தெரிந்துவிட்டதே! சமீபத்தில் நடந்திருந்தால் பூட்டு மாற்றினார்களா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: சுவரெல்லாம் கிறுக்கல், முனையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பார்த்தவுடன் பயமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். சரிதானே?

பயம் வந்தால் திரும்பி வருவதில் தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று உட்கார்ந்து யோசியுங்கள். சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷும் செய்த ஆய்வு 2004-ல் வந்தது. தெருக்களை வீடியோ எடுத்து, அங்கே உண்மையில் இருந்த குப்பை, கிறுக்கல் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, மக்கள் "இந்தத் தெரு மோசம்" என்று சொன்னதோடு ஒப்பிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த சீர்கேட்டை விட, அங்கே எந்த இனத்தவர் வாழ்கிறார்கள், எவ்வளவு ஏழைகள் என்பதுதான் மக்களின் எண்ணத்தை அதிகம் தீர்மானித்திருந்தது. இது நம் எல்லாருக்கும் பொருந்தும். ஏழைகள் வாழும் தெரு என்பதற்காக அது ஆபத்தான தெரு ஆகிவிடாது, முனையில் நிற்பவர்கள் வேலை முடிந்து பேசிக்கொண்டிருப்பவர்களாக இருக்கலாம். போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கிறார்களா என்பது ஐந்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: கேட் போட்ட குடியிருப்பு, செக்யூரிட்டி, கேமரா எல்லாம் இருக்கிறது. வாடகை கூடுதல். கொடுக்கலாமா?

கேமரா பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லையென்றால் அது அலங்காரத்துக்கு மாட்டியது. கேட்டுக்கு உள்ளே எப்படியும் நன்றாகத்தான் இருக்கும், வெளியே நிறுத்தம் வரைக்கும் உள்ள வழி ஆளில்லாத நீளச் சுவராக இருந்தால் கூடுதல் வாடகைக்கு அர்த்தமில்லை.

கேள்வி: எனக்கு நைட் ஷிஃப்ட், தனியாக இருக்கப்போகும் பெண். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா அக்கா?

வீட்டுக்கு இரண்டு வழி இருக்கட்டும்மா. ஒன்றில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் மாறிப் போக முடிய வேண்டும். நடைபாதை சப்வே, குறுக்குச்சந்து வழியாக மட்டுமே போக முடிகிற வீட்டை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை வீடு பிடிப்பதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். அதே தெருவில் தனியாக வசிக்கும் ஒரு பெண்ணிடமாவது பேசிப் பாருங்கள். ஆண்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் தெருவில் பெண்களுக்குத் தெரிந்தது வேறாக இருக்கும். டொரன்டோவில் 1989-ல் ஒரு பெண்கள் அமைப்பு இதற்காகவே, பெண்கள் சேர்ந்து தெருவில் நடந்து எங்கே எதனால் பயம் என்று குறித்து வைக்கும் முறையைத் தொடங்கியது, அது பிறகு பல நாடுகளுக்குப் போனது. ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு, ஒரு தாளும் பேனாவுமாக நீங்களே அதைச் செய்யலாம்.

கேள்வி: குழந்தைகள் இருக்கிறார்கள். கடத்தல் செய்தியெல்லாம் படித்துத் தூக்கமே வரவில்லை.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ரோட்டைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து. ஒரு கார் 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதிலாக 65-ல் வந்து மோதினால், நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்கு ஆகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா, சிக்னல் இருக்கிறதா, நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறதா என்பதைக் குற்ற வரைபடத்துக்கு முன்பே பாருங்கள். இதைக் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: வேறு நாட்டில் இருக்கிறேன், நேரில் வரவே முடியாது.

அப்படியானால் நேரில் பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். உங்கள் நிலைமையில் இருப்பவர்களுக்குத் தெருத் திருடனை விடப் போலி விளம்பரம்தான் பெரிய ஆபத்து. முதலில் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தேடுங்கள். அதற்குள் தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் படம் எடுத்த மாதத்தையும் வருடத்தையும் பார்த்து, பல இடங்களில் பழைய படங்களும் இருக்கும், அவற்றோடு ஒப்பிடுங்கள். பூட்டிக் கிடக்கும் கடைகள் கூடிக்கொண்டே போகின்றனவா குறைகின்றனவா என்பது நன்றாகத் தெரியும்.

கேள்வி: போன மாதம் குடிவந்துவிட்டேன். ஏரியா குரூப்பில் தினமும் திருட்டுச் செய்தி வருகிறது. காலி செய்துவிடலாமா?

ஒரே சம்பவத்தைப் பத்துப் பேர் பகிர்ந்தால் பத்துச் சம்பவம் மாதிரித் தெரியும். எந்தத் தெரு, என்ன தேதி, யாருக்கு நடந்தது என்று இருக்கிற செய்தியை மட்டும் ஒரு மாதம் குறித்து வாருங்கள், "யாரோ சந்தேகப்படும்படி நடந்தார்" வகையை விட்டுவிடுங்கள். அதற்குள் பழைய சாவி யாரிடம் இருக்கிறதோ தெரியாது, ஓனரிடம் சொல்லிப் பூட்டை மாற்றுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் போன் நம்பர் வாங்கி வையுங்கள். மாதக் கடைசியில் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று உறுதியான சம்பவங்கள் இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள்.