வளைகுடா விலையும் வடசேரி விலையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் நம் குமரி மாவட்டத்தார் எழுதியவை. மற்றவை அவர்களுக்காக இங்கே காத்திருக்கும் வீட்டார் எழுதியவை. எல்லாவற்றிலும் விலைவாசிதான். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: துபாய் தேராவில் ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். அறையை எடுத்து நடத்துபவர் பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டிலளவு இடம்) வாடகையை ஒரே வாரத்தில் 150 திர்ஹம் கூட்டிவிட்டார். பிடிக்காவிட்டால் காலி செய்யச் சொல்கிறார். தடுக்க வழி உண்டா? (குலசேகரத்தைச் சேர்ந்தவர்)

பதில்: துபாயில் வாடகையைக் கூட்ட வேண்டுமானால் ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். ஒரே தடவையில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற வரம்பும் 2013 முதல் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பதிவு செய்த வாடகைதாரருக்கு உரியது. உங்கள் கையில் ஒப்பந்தம் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் அங்கே சட்டப்படி செல்லாது. ஆகவே புகார் செய்தால் அறை நடத்துபவரோடு நீங்களும் வெளியே நிற்க நேரலாம். ஆறு பேரும் ஒன்றாகப் போய்ப் பேசுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த மாதத்துக்குள் வேறு இடம் பாருங்கள். போகுமிடத்தில் ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விடுமுறை. அபுதாபியில் எல்லாம் விலை ஏறிவிட்டதால் இந்த முறை பெட்டி கட்டப் பணம் போதவில்லை. பால்பொடி, சோப்பு, தைலம், போர்வை, பேரீச்சை என்று பட்டியல் நீள்கிறது. பதினேழு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். எங்கே வாங்கினால் மலிவு? (மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவர்)

பதில்: பெட்டியே கட்ட வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஆற்றாமை இது.

இந்த வழக்கம் பிறந்த காலம் வேறு. 1991-க்கு முன்பு வெளிநாட்டுப் பொருள்களை இந்தியாவுக்குள் இறக்கப் பெரும் கட்டுப்பாடு இருந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கூரையில் பெட்டி கட்டிய கார் களியக்காவிளையைத் தாண்டி வந்தால், அந்தப் பெட்டியில் இருந்த டேப் ரெக்கார்டரும் வாசனை சோப்பும் நாகர்கோவில் கடைத்தெருவில் தேடினாலும் எளிதில் கிடைக்காதவை. இன்று நீங்கள் எழுதியிருக்கும் பால்பொடியும் சோப்பும் தைலமும் மார்த்தாண்டம் சந்திப்பிலேயே இருக்கின்றன. அங்கே வாங்கும் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். எத்தனையோ உறைகளில் இந்தியாவில் தயாரானது என்றே அச்சிட்டிருக்கும். இங்கே செய்து கப்பலேற்றி, அங்கே கடை வாடகையும் 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து விற்ற பொருளை நீங்கள் விலை கொடுத்து வாங்கி, கிலோ கணக்கில் கார்கோ கூலியும் கொடுத்து, புறப்பட்ட ஊருக்கே திருப்பிக் கொண்டு வருகிறீர்கள். இந்தச் சுற்றில் தேய்வது உங்கள் உழைப்பு ஒன்றுதான்.

அமீரகத்தின் உணவில் பெரும்பகுதி இறக்குமதி. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் தடையை விலக்கியது. அரிசி விலை ஏறிய அந்தப் பதினான்கு மாதங்களை அங்கே வாங்கித் தின்ற நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே விலையை ஏற்றவோ இறக்கவோ உங்களால் ஆகாது. ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. 1997 முதல் திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் நீங்கள் அனுப்பும் திர்ஹமுக்கு இங்கே கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. அப்படிப்பட்ட பணத்தை அங்கேயே சோப்பாகவும் போர்வையாகவும் மாற்றிவிட்டால் அந்த ஆதாயமும் கை நழுவிப் போகும். பணமாக அனுப்பி, நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலோ திங்கள்சந்தையிலோ வாங்கிக் கொடுங்கள்.

இதை அடிபட்டவனாகச் சொல்கிறேன். 1996-இல் மஸ்கட்டிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒன்பது கம்பளிப் போர்வைகளைச் சுமந்து வந்தேன். மூன்று மாதச் சேமிப்பு அதில் போயிற்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்த வீட்டிலும் அவற்றைப் போர்த்திக்கொள்ளவில்லை. மறு மாதம் அம்மாவின் மருந்துக்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினேன். அந்த நாள் இன்னும் உறுத்துகிறது.

பதினேழு வீட்டுக்கும் தலா அரைக் கிலோ பேரீச்சை போதும். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஊரில் இருக்கும் உறவினர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: பட்டியல் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைகள் அங்கே மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அதை நிறைவேற்றுகிறார்கள்.

கேள்வி: ரூபாய் மதிப்பு குறைந்திருக்கிறது. இங்கே வங்கியில் கடன் எடுத்து மொத்தமாக ஊருக்கு அனுப்பினால் லாபம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (தக்கலையைச் சேர்ந்தவர், ஷார்ஜா)

பதில்: வேண்டாம். நாளை வேலை போனாலும் கடன் போகாது. அதைத் தீர்க்காமல் ஊர் திரும்பவும் முடியாமல் போகலாம்.

கேள்வி: மஸ்கட்டில் தேங்காய் எண்ணெய் விலை தாங்க முடியவில்லை. மீன்குழம்பும் அவியலும் வேறு எண்ணெயில் இறங்கவில்லை. ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தேன், உறைந்தது. அப்படியானால் நல்ல எண்ணெய்தானே? (இரணியலைச் சேர்ந்தவர்)

பதில்: உறைந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். செம்பனை விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ஃபிரிட்ஜில் அதே போல உறையும். கலப்படக்காரர்களுக்குப் பிடித்த எண்ணெய்களில் அதுவும் ஒன்று. விளைச்சல் குறைந்து கொப்பரை வரத்து சுருங்கியதால் 2025-இல் இங்கேயே தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் நமக்கே அந்த விலை என்றால், கடல் தாண்டிய கடையில் பாதி விலைக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு நானும் இப்படி ஏமாந்தேன். செக்கில் ஆட்டியது என்று சொல்லி வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தவரிடம் மலிவாக ஐந்து லிட்டர் வாங்கினேன். தாளிக்கும்போது தேங்காய் மணமே எழவில்லை. பில் இல்லாததால் புகார் செய்யவும் வழியில்லை.

டப்பாவின் பின்புறம் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். தேங்காய் எண்ணெய் தவிர வேறு ஒரு பெயர் இருந்தாலும் வைத்துவிடுங்கள். அப்பளம் பொரிக்க, மீன் வறுக்க வேறு எண்ணெய் போதும். அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டிக்கும் குழம்பின் தாளிப்புக்கும் மட்டும் நல்லதை வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் பல வாரம் வரும். ஓமான் கடலில் சாளை மீனுக்குப் பஞ்சமில்லை. அதைக் குழம்பாகவே வையுங்கள்.

கேள்வி: தம்பியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்காக ஷார்ஜாவில் தள்ளுபடியில் 65 அங்குல டிவி வாங்கினேன். திருவனந்தபுரத்தில் சுங்கவரி போட்டார்கள். தள்ளுபடியில் மிச்சமானதைவிட வரி அதிகம். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. அவர் மீது நுகர்வோர் வழக்குப் போடலாமா? (அருமனையைச் சேர்ந்தவர்)

பதில்: முடியாது. கடைக்காரர் சொன்ன விலைக்குச் சொன்ன பொருளைக் கொடுத்திருக்கிறார். தட்டைத் திரை டிவியைப் பயணிகளுக்கான சுங்கவரிச் சலுகையிலிருந்து இந்திய அரசு எடுத்தது 2013 ஆகஸ்ட் 26 அன்று. அத்தனை ஆண்டு பழைய செய்தி அது. விமான டிக்கெட்டுக்கு நான்கு இடத்தில் விலை கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கும் ஓர் இடத்தில் கேட்டிருக்கலாமே? அந்த டிவி பழுதானால் இங்கே உத்தரவாதம் செல்லுமா என்றும் இப்போதே உத்தரவாத அட்டையை எடுத்துப் பாருங்கள். அதையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

கேள்வி: மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறேன். 2022-க்குப் பிறகு மளிகை, மின்சாரம், எரிவாயு எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. கூடுதல் ஷிப்ட் பார்த்தும் மிஞ்சவில்லை. (கருங்கலைச் சேர்ந்தவர்)

பதில்: 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். அதன் பிறகு வேகம் தணிந்தது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. ஆகவே தவறு உங்கள் கணக்கில் இல்லை.

கடையில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையை விட்டுவிட்டு, அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் 100 கிராம் விலையை மட்டும் ஒப்பிடுங்கள். பெரிய பொட்டலம் சிறியதைவிட விலை கூடியதாக இருப்பதை அடிக்கடி காண்பீர்கள். மின்சார, எரிவாயுக் கட்டண உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். மாறும் நாளுக்கு முன் மீட்டரைப் படித்து மின்சார, எரிவாயு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீருடையை வீட்டில் நீங்களே துவைப்பதற்காக நர்ஸ்களுக்கு ஆண்டுக்கு 125 பவுண்டு வரிக் கழிவு உண்டு. 20 சதவீத வரி வரம்பில் அது 25 பவுண்டு மிச்சம். நர்ஸ் பதிவுக் கட்டணத்துக்கும் கழிவு உண்டு. முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். வரித்துறையிடம் நீங்களே விண்ணப்பித்தால் கட்டணம் கிடையாது. பங்கு கேட்கும் தரகரிடம் போகாதீர்கள்.

கேள்வி: என் கணவர் சவூதியில் ஜுபைல் பக்கம் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். மாதச் சம்பளம் இல்லை, பிடிக்கும் மீனில் பங்கு. அரிசி, எண்ணெய், டீசல் எல்லாவற்றையும் முதலாளி கணக்கில் எழுதிக் கழிக்கிறார். விலை ஏறிவிட்டதாம். நான்கு மாதமாகப் பத்தாயிரம் ரூபாய்கூட முழுதாக வரவில்லை. இகாமா (அங்கே தங்கும் உரிமம்) புதுப்பிக்கவும் பணம் பிடித்துக்கொண்டார். (குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்)

பதில்: அம்மா, உங்கள் கணவர் ஏமாற்றப்படுகிறார் என்றே நினைக்கிறேன். சவூதியில் மதிப்புக் கூட்டு வரி 2020 ஜூலையில் 5-லிருந்து 15 சதவீதமாக ஏறியது உண்மை. அதற்காக ஒரு மூட்டை அரிசி இரண்டு மடங்கு விலையாகிவிடாது. இகாமா செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுமை என்னவென்றால், 500 டன்னுக்குக் குறைந்த கலங்களில் வேலை செய்பவர்களை 2005-ஆம் ஆண்டின் அதே சட்டம் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. கடலில் உயிரைப் பணயம் வைப்பவருக்குக் கரையில் இருப்பவரின் காப்புக்கூட இல்லை. முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால் கணக்குதான் உங்கள் ஆயுதம். பிடித்த மீனின் எடை, ஏலத்தில் போன விலை, எழுதிக் கழித்த ஒவ்வொரு சாமானின் விலை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலாளியின் கணக்குப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து அன்றைக்கே உங்களுக்கு அனுப்பட்டும். ஊர்க் கடையில் அதே அரிசியின் விலைச்சீட்டையும் படம் எடுக்கட்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் குடும்பத்தாரும் புகார் பதியலாம். அது ரியாதில் உள்ள தூதரகத்துக்குப் போகும். அதன் நகலோடு திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள். அவரை அனுப்பிய ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதையும் மனுவில் தனியாக எழுதுங்கள்.

மனு எழுத உதவி தேவையென்றால், கணவர் அனுப்பும் படங்களோடு மறுபடியும் எனக்கு எழுதுங்கள். நானே எழுதித் தருகிறேன்.