வாசகர் கேள்வி பதில்: கறுப்புப் பெண்ணாக ஒரு வெள்ளை நடிகை

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். 1949இல் வெளிவந்த ‘பிங்கி’ என்ற அமெரிக்கப் படத்தை என் மகள் கணினியில் போட்டுக் காட்டினாள். கறுப்பினத்தில் பிறந்தும் பார்ப்பதற்கு வெள்ளைக்காரியாகத் தோன்றும் தாதி ஒருத்தியின் கதை அது. அவளாக நடித்தவரோ வெள்ளைக்கார நடிகை. நிற வேற்றுமையைக் கண்டிக்கும் படத்திலேயே இப்படிச் செய்யலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் அம்மா. பிங்கியாக நடித்த ஜீன் கிரெய்ன் வெள்ளையினத்தவர்தாம். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதல் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை அன்று விலக்கி வைத்திருந்தது. இந்தக் கதையிலோ ஒரு வெள்ளை மருத்துவர் பிங்கியை மணக்க விரும்புகிறார். கதையில் கறுப்புப் பெண், கண்ணுக்கு வெள்ளைப் பெண் என்று அமைத்துவிட்டால், காதலர்கள் அணைத்துக்கொள்ளும் காட்சியில் உண்மையில் இரண்டு வெள்ளையர்களே நிற்பார்கள். முடிவிலும் அவள் அந்த மருத்துவரை மறுத்துத் தன் ஊரிலேயே தங்கிவிடுவதால், எவரும் அஞ்சிய திருமணம் நடக்காமலே கதை முடிந்துவிடுகிறது.

அதே 1949இல் ‘ஹோம் ஆஃப் த பிரேவ்’ படத்தில் ஜேம்ஸ் எட்வர்ட்ஸும், ‘இன்ட்ரூடர் இன் த டஸ்ட்’ படத்தில் ஹுவானோ ஹெர்னாண்டஸும் முதன்மை வேடங்களை ஏற்றார்கள். இருவரும் கறுப்பினக் கலைஞர்கள். அவ்விரு படங்களிலும் அவர்களுக்கு வெள்ளைப் பெண்ணோடு காதல் இல்லை. ஆகவே கறுப்பு நடிகர்கள் கிடைக்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது. அதற்கும் முன்பே, 1934இல் வந்த ‘இமிட்டேஷன் ஆஃப் லைஃப்’ படத்தில், தன் இனத்தை மறைக்கத் துடிக்கும் மகளாக ஃப்ரெடி வாஷிங்டன் என்ற கறுப்பின நடிகையே நடித்திருந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஹாலிவுட் பின்னோக்கி நடந்தது என்றே நான் சொல்வேன்.

இதனால் படத்துக்கு நேர்ந்த கேடு என்னவென்றால், பார்ப்பவரின் இரக்கம் இடம் மாறிவிடுகிறது. தெருச்சண்டை ஒன்றில் தலையிடும் போலீஸ்காரர்கள் பிங்கியிடம் முதலில் மரியாதையாகப் பேசி, அவள் கறுப்பினத்தவள் என்று தெரிந்த கணமே முரட்டுத்தனமாக நடத்தும் காட்சி உங்கள் நினைவில் இருக்கும். அக்காட்சியில் வெள்ளைப் பார்வையாளர் பதறுவது, தம்மைப் போன்ற முகமுடைய ஒருத்திக்கு இழிவு நேர்கிறதே என்பதற்காகத்தான். பக்கத்தில் நிற்கும் கரிய நிறத்துப் பெண்ணுக்கும் அதே இழிவு நாள்தோறும் நேர்கிறது என்பது அவருக்கு உறைப்பதில்லை. பாட்டியாக வரும் ஈத்தல் வாட்டர்ஸின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இது யாருடைய கதை என்பது விளங்குகிறது. வாட்டர்ஸ், ஜீன் கிரெய்ன், ஈத்தல் பாரிமோர் ஆகிய மூவருமே இப்படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஜான் ஃபோர்டு தொடங்கிய படத்தை ஏலியா கசான் எடுத்து முடித்தார்.

கேள்வி: இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு பட்டணத்துக்குக் குடிவந்த சிலர் சாதியை மறைத்துச் சம்பந்தம் செய்ததாக என் பாட்டி சொல்லுவார். அதுவும் இதுவும் ஒன்றுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: உறவை ஒதுக்கி, பிறந்த வீட்டுப் பேச்சையே எடுக்காமல் வாழ வேண்டியிருந்த வேதனையில் இரண்டும் ஒன்றுதான், ஐயா. ஆனால் அமெரிக்காவில் எதிரே நின்றது சட்டம். 1924இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், வேற்றினக் கலப்பு அறவே இல்லாதவரையே வெள்ளையர் என்று ஏற்று (செவ்விந்தியக் கலப்புக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு), கலப்பு மணத்தைக் குற்றமாக்கியது. அத்தகைய சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் செல்லாதவை என்றது. இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எந்தச் சட்டப் புத்தகமும் கேட்கவில்லை; கல்யாண வீட்டில் கிழவி ஒருத்தி “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டாலே போதும். நிறத்தைக் கண்டு ஏமாறுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். நம்மவர்கள் முகத்தை நம்பாமல் தெருவையே விசாரித்தார்கள். தப்புவது இங்கேதான் கடினம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: இத்தகைய படங்களை அமெரிக்காவின் தென் மாநிலங்கள் தடுக்கவில்லையா?
– அதே ஆசிரியர்

பதில்: அங்குள்ள சில நகரங்கள் தடுத்தன. வெள்ளையராக உலவிய கறுப்பு மருத்துவர் ஒருவரின் உண்மை வரலாற்றைத் தழுவிய ‘லாஸ்ட் பவுண்டரீஸ்’ படத்தை அட்லாண்டா நகரத் தணிக்கையாளர் அனுமதிக்கவில்லை. அதிலும் மருத்துவராக நடித்தவர் மெல் ஃபெரர் என்ற வெள்ளையர்தாம். அப்படியும் வாசல் திறக்கவில்லை என்பதை முதல் கேள்வி கேட்ட அம்மையாரும் கவனிக்கட்டும். டெக்ஸாஸில் மார்ஷல் என்னும் ஊரில், அனுமதி மறுக்கப்பட்ட பின்னும் ‘பிங்கி’யைத் திரையிட்ட திரையரங்குக்காரர் கெல்லிங் தண்டிக்கப்பட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. திரைப்படம் வெறும் வணிகம், பேச்சுரிமை அதற்கு இல்லை என்று 1915இல் தீர்ப்பளித்திருந்த அதே நீதிமன்றம், 1952 மே மாதம் வேறொரு வழக்கில் அக்கருத்தைக் கைவிட்டது. அடுத்த சில நாள்களிலேயே கெல்லிங்கின் தண்டனையையும் நீக்கியது.