பனிவெளியில் ஒரு பிரார்த்தனை

கேள்வி: ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹின் குளிர்கால ஓவியங்களில் பட்ட மரங்களும் கல்லறைகளும் தனித்து நிற்கும் மனிதருமே தென்படுகின்றனர். துயரம் மட்டுமே நிறைந்த இவற்றை ஆன்மிக ஓவியங்கள் என்பது பொருந்துமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: துயரம் இருப்பது உண்மைதான். ஆனால் 1811இல் அவர் வரைந்த இரண்டு சிறிய ஓவியங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஷ்வெரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், வெட்டுண்ட அடிமரங்களுக்கு நடுவே ஊன்றுகோலைப் பற்றியபடி ஒருவர் நிற்கிறார். எதிரே பனியும் இருண்ட வானமும் தவிர வேறெதுவும் இல்லை. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள மற்றொன்றிலோ, அவரைப் போன்ற ஒருவர் பாறையில் சாய்ந்தமர்ந்து, பசுமை மாறாத ஃபர் மரங்களிடையே நிற்கும் சிலுவையை நோக்கிப் பிரார்த்திக்கிறார். அவருடைய ஊன்றுகோல்கள் பனியில் வீசப்பட்டுக் கிடக்கின்றன. கூர்ந்து கவனித்தால், பனியைத் துளைத்துக்கொண்டு புல் நுனிகள் தலைகாட்டுவதும், பின்னால் மூடுபனியில் மங்கலாக எழும் தேவாலயக் கோபுரங்கள் அந்த மரங்களின் வடிவத்தையே கொண்டிருப்பதும் தெரியும். இரண்டிலும் அதே குளிர், அதே தனிமை. என்றாலும் முன்னதில் திக்கற்று நிற்கும் மனிதருக்குப் பின்னதில் அத்தனிமையே இறைவனோடு இருக்கும் நேரமாகிவிடுகிறது. இதைத்தான் ஆன்மிகம் என்கிறேன்.

1787இல், ஃப்ரீட்ரிஹின் பதின்மூன்றாம் வயதில், அவருடைய தம்பி பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கி இறந்தார். எல்லா ஓவியங்களையும் அந்த இழப்பைக் கொண்டே விளக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லூத்தரன் குடும்பத்தில் ஊறி வளர்ந்த அவருடைய நம்பிக்கைக்கும் சம பங்கு உண்டு.

உங்கள் ஐயம் வலுப்பெறும் இடம், 1810இல் பெர்லின் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பிரஷ்ய மன்னரால் வாங்கப்பட்ட ‘ஓக் காட்டில் மடாலயம்’ என்ற ஓவியம். அவருடைய சொந்த ஊரான கிரைஃப்ஸ்வால்டுக்கு அருகிலுள்ள எல்டெனா மடாலய இடிபாடுகளை மனத்தில் கொண்டு வரைந்தது அது. கீழ்ப்பாதி முழுவதும் இருள். அதில் துறவிகள் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு, சிதைந்த வாயிலை நோக்கிச் செல்கின்றனர். மேலே வானம் மட்டும் வெளுத்திருக்கிறது. அது விடியலா அந்தியா என்று ஓவியர் நமக்குத் தீர்மானமாகக் காட்டவில்லை. ஆகவே, அங்கே நீங்கள் துயரத்தை மட்டுமே கண்டால் அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.