புது மடக்குக் கத்தி: முதல் நாள் சந்தேகங்களுக்குப் பதில்கள்

3 அங்குல பிளேடு, 14சி28என் என்ற வகை எஃகு, லைனர் லாக் என்ற பூட்டு, பிசினில் இறுக்கிய துணி அடுக்குகளால் ஆன மைக்கார்ட்டா கைப்பிடி. இந்த வாரம் எனக்கு வந்த புது மடக்குக் கத்தி இதுதான். படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலர் என் கத்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சிலர் தங்கள் கத்தியைப் பற்றி. எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: அண்ணா, பெட்டியைப் பிரித்ததும் முதலில் எதைச் சோதித்தீர்கள்? கூர்மையையா?

இல்லை, பூட்டை. கூர் போதவில்லை என்றால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். பூட்டு சரியில்லாத கத்தியை வீட்டில் சரிசெய்ய முடியாது, அது விரலையும் பதம் பார்த்துவிடும்.

பிளேடை முழுதாகத் திறங்கள். ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையின் விரல்களில் பிளேடின் முதுகுப் பக்கம். கூரில் விரல் படவே கூடாது. முதலில் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அப்புறம் இடம் வலமாக. இந்த இரண்டு ஆட்டத்துக்கும் காரணம் வேறு. இடம் வலமாக ஆடினால் பெரும்பாலும் பிவட் ஸ்க்ரூ, அதாவது பிளேடு சுழலும் அச்சின் ஸ்க்ரூ, தளர்ந்திருக்கும், கொஞ்சம் முறுக்கினால் போதும். மேலும் கீழுமாக ஆடினால் பூட்டும் பிளேடின் அடிப்பகுதியும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். எந்த ஸ்க்ரூவை முறுக்கினாலும் அது தீராது. அப்படி ஒரு கத்தி எனக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இந்தக் கத்தியில் இரண்டு ஆட்டமும் இல்லை.

கேள்வி: என் லைனர் லாக் பிளேடின் ஓரத்தை மட்டும்தான் தொடுகிறது. பயப்பட வேண்டுமா?

எவ்வளவு ஓரம் என்பதைப் பொறுத்தது. கைப்பிடிக்குள் இருக்கும் தகடு வில் போல விரிந்து, பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நிற்பதுதான் லைனர் லாக். இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்தி வினைஞர் உருவாக்கினார். அந்த அடிப்பகுதியின் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை தகடு உட்கார்ந்திருந்தால் புதுக் கத்திக்கு அது நல்ல இடம். புழங்கப் புழங்கத் தேய்ந்து தகடு எதிர்ப்பக்கம் நோக்கி நகரும். முதல் நாளே எதிர்ப்பக்கத்தை எட்டிவிட்டால் நகர இடமில்லை. மயிரிழை அளவுதான் தொடுகிறது என்றால் அழுத்தும்போது வழுக்கிவிடலாம்.

வேகமாக உதறித் திறந்து அளக்காதீர்கள், தகடு வழக்கத்தைவிட உள்ளே போய் நிற்கும். மெதுவாகத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூட்டைச் சோதிக்கிறேன் என்று பிளேடின் முதுகை மேசையில் ஓங்கி அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நல்ல பூட்டின் முகமும் அதில் கெட்டுப்போகும். முதுகை மெத்தென்ற மரத்துண்டின் மேல் வைத்து, சீராக அழுத்தினாலே தெரிந்துவிடும். அப்போது பிளேடு மடங்கி வரும் பாதையில் ஒரு விரலும் இருக்கக் கூடாது.

கேள்வி: ரொம்ப இறுக்கமாக இருக்கிறது சார். ஒரு கையால் திறக்கவே முடியவில்லை. மட்டமான கத்தியா?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பிவட்டில் என்ன வாஷர் என்று பாருங்கள். பால் பேரிங் போட்ட கத்தி முதல் நாளே வழுக்கிக்கொண்டு திறக்கும். வெண்கல வாஷர் போட்டது அப்படி இல்லை, தேய்ந்து மினுமினுப்பு ஏற அதற்குச் சில நாள் வேண்டும். பொறுமையாகத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள். உள்ளே தொழிற்சாலைக் கிரீஸும் உலோகத் தூளும் கலந்து பசைபோல இருந்தால் துடைத்துவிட்டு மினரல் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள்.

ஸ்க்ரூவைத் தொடுவதாக இருந்தால் சரியான டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூ முனை) வேண்டும். பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு. அளவு பொருந்தாத பிட்டைப் போட்டால் ஸ்க்ரூத் தலை வழுக்கையாகிவிடும். தானாகத் தளரும் ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூவைப் பிடித்து வைக்கும் பசையான த்ரெட்லாக்கரில் நீல நிறம் ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் அது கழலாது.

கேள்வி: மூடினால் பிளேடு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

பக்கத் தகட்டில் உரசாத வரை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத்தான் உறுத்தல்.

கேள்வி: அண்ணா, புதுக் கத்தி காகிதத்தை வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. அப்படியென்றால் எஃகு நல்ல எஃகுதானே?

இதைத்தான் நான் விரிவாகப் பேச ஆசைப்பட்டேன். முதல் நாள் கூர்மையை வைத்து எஃகை எடை போடாதீர்கள். கூர் நன்றாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் சரி. சாணை இயந்திரத்தில் நின்றவரின் கைத்திறனைத்தான் அந்தக் கூர் காட்டுகிறது.

காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் பெரும்பாலும் வேகமாக ஓடும் பெல்ட்டில் கூர் வைக்கிறார்கள். விளிம்பு மிக மெல்லியது, சூடு சட்டென்று ஏறும். ஏறினால் அந்த நூலிழைப் பகுதியில் மட்டும் எஃகின் பதம் தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் எஃகு நன்றாகவே இருக்கும், ஆனால் மேல் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். இன்னொரு சங்கடம் பிசிறு. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோக இழை முதல் சில வெட்டுகளுக்குப் பிரமாதமாக வெட்டும், பிறகு மடிந்துவிடும். “ரெண்டே நாளில் கூர் போயிடுச்சு” என்று வரும் புகார்களில் பல இதுதான்.

பிசிறைக் கண்டுபிடிக்க, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்பக்கமாக விரல் நுனியை லேசாக இழுங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றுச் சிக்குவதுபோலவும் இருந்தால் பிசிறு இருக்கிறது. அதோடு விளிம்பை விளக்கொளியில் நேராகப் பாருங்கள். கூர்மையான விளிம்பு ஒளியைத் திருப்பாது. பளிச்சென்று மின்னும் இடம் மழுங்கிய இடம்.

என் கத்தியில் பிடிக்குப் பக்கத்தில் கூர் நன்று, முனைக்கு அருகே மின்னுகிறது. அடுத்து கல்லில் பக்கத்துக்கு 17 டிகிரி வைத்துத் தீட்டப் போகிறேன். பொதுவாகப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சரியாக இருக்கும். எஃகைப் பற்றி இரண்டாவது முறை தீட்டிய பிறகுதான் பேசுவேன்.

கேள்வி: 14சி28என், டி2 ஆகிய இரண்டு எஃகுகளில் எதை வாங்கலாம்?

டி2வில் கரிமம் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12. சாண்ட்விக் உருவாக்கிய 14சி28என்னில் கரிமம் 0.62, குரோமியம் 14, கூடவே கொஞ்சம் நைட்ரஜன். டி2வில் இருக்கும் அதிகக் கரிமம் குரோமியத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக் கடினமான கார்பைடு துகள்களாக்கிவிடுகிறது. அதனால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் அந்தத் துகள்களுக்குள் மாட்டிக்கொள்கிறது, ஈரம் பட்டால் புள்ளி விழும். தீட்டுவதும் கடினம். ஈரமான கையோடு புழங்குபவருக்கும் புதிதாகத் தீட்டக் கற்பவருக்கும் நான் 14சி28என்தான் சொல்வேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டி கிழிப்பவருக்கு டி2.

கேள்வி: கார்பன் ஸ்டீல் ஓபினெல் 8 வாங்கினேன். மழை நாளில் பிளேடு வெளியே வர மறுக்கிறது. பழுதா?

பழுதில்லை, கைப்பிடி மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பியிருக்கிறது. ஜோசப் ஓபினெல் 1890இல் பிரான்சின் சவோய் பகுதியில் தொடங்கிய இந்தக் கத்தியில், 1955இல் வந்த பூட்டு வளையம் தவிர அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. பிளேடு மரப்பிளவுக்குள் உட்காருவதால் மரம் உப்பினால் இறுகும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் லேசாகத் தட்டுங்கள், பிளேடு எட்டிப் பார்க்கும். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். பிளேடில் சாம்பல் நிறம் படர்ந்தால் கவலை வேண்டாம், செம்பழுப்பு தெரிந்தால் உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

கேள்வி: ஐயா, பையனுக்கு முதல் கத்தி. பூட்டு இருப்பது நல்லதா, இல்லாததா?

பூட்டு இருப்பது நல்லது, ஆனால் லைனர் லாக் வேண்டாம். மூடும்போது கட்டை விரலைப் பிளேடின் பாதையில் வைத்தே தகட்டைத் தள்ள வேண்டும், சின்னக் கைக்கு அது சரிவராது. கைப்பிடியின் முதுகில் அழுத்திப் பூட்டை விடுவிக்கும் பேக் லாக்கோ, ஓபினெலில் இருப்பது போன்ற வளையப் பூட்டோ வாங்குங்கள். பூட்டில்லாத கத்தியில் பிளேடை வில்லின் அழுத்தம் மட்டுமே பிடித்திருக்கிறது, முனையால் குத்தித் துளைக்கப் போனால் மடங்கி விரலில் விழும். எதை வாங்கினாலும் முதலில் மூடப் பழக்குங்கள். வெட்டுவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: பாக்கெட்டில் தானாகத் திறந்துவிடுமோ?

நியாயமான பயம். மூடிய நிலையில் பிளேடைப் பிடித்து வைப்பது பூட்டுத் தகட்டில் உள்ள சின்னக் குண்டு. கத்தியை மூடி, திறக்கும் பக்கம் தரையைப் பார்க்குமாறு இறுக்கிப் பிடித்து, உடலை விட்டுத் தள்ளி இரண்டு முறை உதறுங்கள். பிளேடு அசைந்து வெளியே வந்தால் அதைப் பாக்கெட்டில் போடாதீர்கள். கிளிப்பில் பிளேடின் முனை மேலே பார்க்கும்படி மாட்டுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கேள்வி: பயணத்தில் கொண்டு போகலாமா?

விமானம் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். போகும் நாட்டின் சட்டத்தையும் முன்பே பாருங்கள். பிரிட்டனில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால் பிளேடு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டும் இருக்கக் கூடாது. என் கத்தி பூட்டு உள்ளது என்பதால் அங்கே போனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன்.