லென்ஸ் போட்ட கண் சிவந்தால்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், மாதம் ஒருமுறை மாற்றும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். களைப்பில் சில நாள் கழற்றாமலே தூங்கிவிடுகிறேன். காற்று நன்றாகப் போகும் வகை, பரவாயில்லை என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து தூங்காதீர்கள். கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலத்துக்கு (கார்னியா), ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, இமை மூடினாலே அது குறைந்துவிடும், அதோடு லென்ஸும் இருந்தால் கண்ணீர் கழுவித் தள்ள வேண்டிய கிருமிகள் அடியிலேயே தங்கிவிடும். பகலில் மட்டும் மென்லென்ஸ் போடுகிறவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் தொற்று வருகிறது. போட்டபடி தூங்குகிறவர்களில் சுமார் 20 பேருக்கு. காற்று போகும் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ் வந்த பிறகும் இந்த 20 குறையவில்லை.

கேள்வி: குடிக்கிற தண்ணீர்தானே, அதில் லென்ஸைக் கழுவினால் என்ன?

பதில்: குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. கருவிழிக்குள் போனால் கூடு கட்டிக்கொண்டு மருந்துக்கும் அசையாது, மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் வேண்டாம். கையைக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கேள்வி: லென்ஸ் டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் (லென்ஸை ஊறவைக்கும் திரவம்) மேலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். 2006இல் பல நாடுகளில் லென்ஸ் போட்டவர்களுக்கு ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவி, ஒரு சொல்யூஷனையே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து ஒரு கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறது. இரண்டு நாள் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம், இன்றே போங்கள். முதலில் லென்ஸைக் கழற்றுங்கள், மறுபடி போடாதீர்கள். சூடோமோனாஸ் பாக்டீரியாவாக இருந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும். அந்தப் பழைய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து சரியாகிவிட்டதுபோல் தெரியும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும், எனக்கு அதுதான் பெரிய பயம். கண்ணைக் கட்டி மூடாதீர்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், அதிலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: தொற்றால் கருவிழியில் வந்த புண் ஆறிவிட்டது, ஆனால் பார்வை மங்கல். திரும்புமா?

பதில்: வடு எங்கே என்பதைப் பொறுத்தது. ஓரத்தில் என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. நடுவில் என்றால் கண்ணாடியால் மட்டும் சரியாவது கடினம். சில மாதங்களில் வடு கொஞ்சம் மெலியும், அப்புறம் கடின லென்ஸ் உதவுமா என்று டாக்டர் பார்ப்பார். அதிலும் பலனில்லை என்றால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.