லினக்ஸ் கணினியின் பேட்டரி, நெட்வொர்க் நிலையைக் கண்காணிக்கும் பின்னணி சர்வீஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் சர்வீஸ் நொடிக்கு ஒருமுறை பேட்டரி அளவைப் படித்து ஆப்களுக்குச் சொல்கிறது. அதனாலேயே சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதோ?

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஓய்வில் இருக்கும் சிபியுவை எழுப்புகிறீர்கள். சார்ஜரைச் செருகினாலும் பிடுங்கினாலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே, வன்பொருள் மாற்றங்களை அறிவிக்கும் யூடெவ் வழியாகச் சொல்லிவிடும். சதவீதம் மாறுவதை எல்லாக் கருவிகளும் தாமாகச் சொல்வதில்லை. அதை மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை படியுங்கள். மதிப்பு மாறாதவரை ஆப்களை எழுப்ப வேண்டாம்.

கேள்வி: ஆப் தொடங்கியதும் நெட்வொர்க் நிலையைக் கேட்டு வாங்கி, பிறகு அறிவிப்புகளுக்குப் பதிவு செய்கிறது. ஆனாலும் எப்போதாவது பழைய நிலையிலேயே நின்றுவிடுகிறது.

பதில்: கேட்டதற்கும் பதிவு செய்ததற்கும் நடுவே நிலை மாறியிருக்கும், அந்த அறிவிப்பு உங்கள் ஆப்புக்கு வரவே இல்லை. முதலில் பதிவு, அப்புறம் கேள்வி என்று வரிசையை மாற்றுங்கள். இதே பிழையைத் தேடி நான் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். டெஸ்ட்டில் அது தலைகாட்டவே இல்லை.

அறிவிப்புகளை டி-பஸ் (லினக்ஸில் புரோகிராம்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் வழி) மூலம் அனுப்பினால், சர்வீஸ் அனுப்பிய வரிசையிலேயே செய்திகள் வந்து சேரும். கடைசியாக வந்ததை நம்பலாம். வரிசைக்கு உத்தரவாதம் இல்லாத வழி என்றால், ஒவ்வொரு நிலைக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் கொடுங்கள்; சின்ன எண்ணோடு வருவதைத் தூக்கிப் போடலாம். இன்னொன்று: ‘வைஃபை மாறியது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், இப்போதைய முழு நிலையையும் சேர்த்தே அனுப்புங்கள். ஓர் அறிவிப்பைத் தவறவிட்ட ஆப், அடுத்ததிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: நிலையை டிஸ்க்கில் சேமிக்கலாமா?

பதில்: வேண்டாம். ரீபூட்டுக்குப் பின் அது பொய். சர்வீஸ் மறுபடி தொடங்கும்போது தேவைப்படுவதை மட்டும் ‘ரன்’ டைரக்டரியில் வையுங்கள். அது டிஸ்க்கில் இல்லாமல் ரேம் நினைவகத்திலேயே இருப்பது, ரீபூட்டில் போய்விடும்.

கேள்வி: சர்வீஸ் விழுந்து எழும் இடைவெளியில் ஆப் எதைக் காட்டுவது?

பதில்: ‘தெரியவில்லை’ என்பதை. அதையும் ஒரு நிலையாக முதல் நாளே வடிவமைப்பில் சேருங்கள். லினக்ஸில் பேட்டரி நிலையைச் சொல்லும் யூபவர், நெட்வொர்க் நிலையைச் சொல்லும் நெட்வொர்க்மேனேஜர் இரண்டிலும் நிலை 0 என்றால் அதுதான் பொருள். சர்வீஸ் விழும்போதும் எழும்போதும் டி-பஸ்ஸில் அதன் பெயர் கைமாறும்; அதை டி-பஸ் அறிவிக்கும். அது வந்ததும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டும்.

கணினி உறங்கி எழும்போதும் இதே கதைதான். லாகின்களையும் கணினியின் உறக்கத்தையும் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்ட் என்ற சர்வீஸ், கணினி உறங்கும் முன்னும் எழுந்த பின்னும் ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. எழுந்ததும் எல்லாவற்றையும் மறுபடி படியுங்கள். லினக்ஸின் மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரம் உறங்கிய நேரத்தைக் கணக்கில் எடுக்காது. ‘எவ்வளவு பழைய தகவல்’ என்று அளக்க, உறங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கடிகாரம்தான் சரி.