கேள்வி–பதில்: மெடிக்கல் சீட், கோட்டா, கோர்ட்டு

தென்னாப்பிரிக்காவின் பள்ளியிறுதித் தேர்வான மெட்ரிக் முடிவு வந்த கையோடு வந்த கடிதங்களில் பாதி மருத்துவ இடத்தைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

மகளுக்கு ஏழு டிஸ்டிங்ஷன். ஆனாலும் மருத்துவத்துக்கு இடமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய வேறு இனத்துப் பிள்ளைக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த இனவாரிக் கோட்டாவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டால் நிற்குமா?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

நிற்காது, அம்மா. அந்த வாதத்தோடு டர்பன் நீதிமன்றத்துக்கு 1995-லேயே போய்விட்டார்கள். நேட்டால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஓர் இந்தியப் பிள்ளையின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. நிறவெறி ஆட்சியில் இந்தியரும் ஒடுக்கப்பட்டார்கள் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் இனத்துக்கு ஒன்றாக நான்கு அடுக்கில் நடந்த கல்வி முறையில் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் பட்ட நஷ்டம் அதைவிட மிகப் பெரிது, ஆகவே அவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுப்பது அநியாயமான பாகுபாடு ஆகாது என்று தீர்ப்பானது. ‘சட்டத்தில் நாமும் கறுப்பர் கணக்கில்தானே’ என்பார்கள். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் அது சரி. கல்லூரி இடத்தில் அந்த வாதம் எடுபடவில்லை.

இப்போதுள்ள சாசனத்தின் 9(2) பிரிவு இன்னும் வெளிப்படையாகவே அனுமதி தருகிறது. 2004-இல் வான் ஹீர்டன் வழக்கில் சாசன நீதிமன்றம் மூன்றே கேள்விகளை வைத்தது: முன்பு பாகுபாட்டால் பாதிக்கப்பட்டவர்களைக் குறிவைத்த ஏற்பாடா, அவர்களை உயர்த்தும்படி வகுக்கப்பட்டதா, சமத்துவத்துக்கு உதவுமா. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கோட்டா தப்பிவிடும்.

எந்தக் கல்லூரி என்று நீங்கள் எழுதவில்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் வைத்திருந்த பங்கீடு ஆப்பிரிக்கர் 69, இந்தியர் 19, கலப்பினத்தவர் 9, வெள்ளையர் 2, மற்றவர் 1 விழுக்காடு. 200 இடம் என்று வைத்துக்கொண்டால் இந்தியருக்கு 38. உங்கள் மகள் போட்டி போட்டது அந்த 38-க்கு, நீங்கள் சொன்ன வேறு இனத்துப் பிள்ளையோடு அல்ல. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 2014-இல் வேறு வழி எடுத்தது: 40 விழுக்காடு இடம் மார்க்கை மட்டும் பார்த்து, 20 கிராமப்புறத்தாருக்கு, 20 ஏழைப் பள்ளிகளுக்கு, 20 ஆப்பிரிக்க, கலப்பின மாணவருக்கு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தந்த ஆண்டின் கொள்கை. 1997-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவான செனட்டைக் கலந்து நிர்வாகக் குழுவான கவுன்சில் அதைத் தீர்மானிக்க வேண்டும், வெளியிடவும் வேண்டும்.

வழக்கு நிற்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது. கோட்டாவை உடைக்கப் போனவர் தோற்பார். கோட்டாவைச் சொன்னபடி நடத்தவில்லை என்று காட்டுபவருக்கு வாய்ப்பு உண்டு. பாயின்ட் கூட்டியதில் பிழை, எண்ணக்கூடாத பாடத்தை எண்ணியது, பள்ளியின் குவின்டைலை (அதன் ஏழ்மை நிலையைக் காட்டும் வரிசையை) தவறாகப் பதிந்தது, விண்ணப்பம் முடிந்த பிறகு விதியை மாற்றியது — தேட வேண்டியவை இவை.

அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் ‘முடிவு இறுதியானது’ என்று ஒரே வரியில் பதில் வருகிறது.
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

இரண்டு காகிதங்களை ஒரே நாளில் அனுப்புங்கள். முதலாவது, ‘பாஜா’ எனப்படும் 2000-ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் காரணம் கேட்கும் கடிதம். முடிவு தெரிந்த 90 நாளுக்குள் கேட்க வேண்டும். அவர்களுக்கும் பதில் தர 90 நாள் உண்டு. காரணமே தராவிட்டால், எதிராக நிரூபிக்கப்படும்வரை, நல்ல காரணம் இல்லாமல் எடுத்த முடிவு என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ‘பாயா’ எனப்படும் தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் விண்ணப்பம். இதற்கு 30 நாள். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: ‘இடம் கிடைத்தவர்களின் மார்க்கைத் தாருங்கள்’ என்று கேட்டால், அது பிறருடைய சொந்த விவரம் என்று மறுத்துவிடலாம். ‘என் பிள்ளையின் மதிப்பீட்டுத் தாள், எந்தப் பிரிவில் வைத்தீர்கள், அந்தப் பிரிவில் இடம் பெற்ற கடைசிப் பாயின்ட் என்ன, பெயர் வேண்டாம்’ என்று கேளுங்கள். மறுத்தால் பல்கலைக்கழகத்துக்குள் மேல்முறையீடு என்று இந்தச் சட்டத்தில் இல்லை. தகவல் ஒழுங்காளரிடம் 180 நாளுக்குள் முறையிடலாம்.

சேர்க்கை முடிவின் மேல் கல்லூரியே ஒரு மேல்முறையீட்டு வழி வைத்திருந்தால் அதை விடக்கூடாது. அதை முடிக்காமல் போனால் நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடும். அது முடிந்த பிறகு மறுஆய்வு மனுவுக்குக் கெடு 180 நாள். ஆனால் 180 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் வகுப்பு பாதி ஓடிவிடும். நீதிபதி முதலில் கேட்பது ‘இப்போது யாருடைய இடத்தை எடுத்து உனக்குத் தருவது?’ என்பதுதான். ஜனவரியிலேயே கடிதம் போட்டு, பதில் தர ஐந்து வேலை நாள் கொடுத்து, பிறகு அவசர மனு போட்டவருடைய பேச்சு எடுபடும். மார்ச்சில் ஓடி வந்து அவசரம் என்றால், அந்த அவசரம் நீங்களே உண்டாக்கியது என்று தள்ளிவிடுவார்கள்.

செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. அரசுத் தரப்புக்கு எதிராக உண்மையான சாசனக் கேள்வியை எழுப்பித் தோற்றால், எதிர்த்தரப்புச் செலவைப் பொதுவாக உங்கள் தலையில் கட்டமாட்டார்கள். 2009 பயோவாட்ச் தீர்ப்பு இது. உங்கள் வக்கீலின் பீஸ் வேறு கதை.

இந்தியாவில் ‘என்.ஆர்.ஐ. கோட்டா’வில் வாங்கித் தருகிறேன், நாம் இந்திய வம்சம்தானே என்கிறார் ஒரு ஏஜென்ட். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறதாமே, அதிலும் முயலலாமாம்.
— பீனிக்ஸ் வாசகர்

பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த 69 இங்கே நேட்டாலில் பார்த்த 69 அல்ல. எண் ஒன்றாக அமைந்ததோடு சரி. அது 1994-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியக் குடிமக்களான தமிழ்நாட்டுச் சமூகங்களுக்கு உரியது. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சீட்டும் இல்லை.

என்.ஆர்.ஐ. என்றால் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன். 1860-இல் மதராசிலிருந்து கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் அந்தக் கணக்கில் வரமாட்டார். தனியார் கல்லூரிகளில் இந்த இடம் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, உண்மையான என்.ஆர்.ஐ. பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்று 2005 இனாம்தார் தீர்ப்பு சொன்னது. 2024-இல் பஞ்சாப் அரசு அதை மாமன், அத்தை, ஒன்றுவிட்ட உறவு வரை நீட்டியது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம், இது மோசடி என்று சொல்லி அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் நிலைமை வேறு. அட்டையின் தேதியைப் பாருங்கள். 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி ஓ.சி.ஐ.காரர் என்.ஆர்.ஐ. இடத்துக்கோ கூடுதலாக உண்டாக்கிய இடத்துக்கோ மட்டும்தான் போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவரின் பழைய உரிமை போகாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 அட்டை என்றால் பொதுப்பிரிவு திறந்திருக்கிறது. 2022 அட்டை என்றால் இல்லை. எதுவானாலும் நீட் நுழைவுத் தேர்வு எழுதியே தீர வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். அங்கே படித்துத் திரும்பினால் இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. அமைப்பின் தேர்வு, பயிற்சி, சமூகச் சேவை எல்லாம் காத்திருக்கின்றன. ஏஜென்ட் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

ஒதுக்கீட்டு வழக்கு இந்தியாவில் எப்போது தொடங்கியது?
— மாணவி, லெனேசியா

சென்னை மாகாணத்தில். கம்யூனல் ஜி.ஓ. எனப்பட்ட வகுப்புவாரி அரசாணை ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, முஸ்லிம் 1, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1. மருத்துவ இடத்துக்காக வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராஜன் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வேடிக்கை. 1951-இல் அவர் வென்றார். அதே ஆண்டு சாசனத்தைத் திருத்தி, ஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்துவிட்டார்கள்.

விண்ணப்பத்தில் இனக் கட்டத்தில் ‘கலப்பினம்’ என்று போட்டால் என்ன? யார் சோதிக்கிறார்கள்?
— பெயர் வேண்டாம், டொங்காட்

இனப் பதிவுச் சட்டம் 1991-இல் ரத்தானது. சான்றிதழ் என்று எதுவும் கிடையாது, நீங்களே சொல்வதுதான். ஆனால் தாயும் தகப்பனும் தமிழராக இருந்து அந்தக் கட்டத்தை நிரப்பினால், பொய் வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறீர்கள். மூன்றாம் ஆண்டில் தெரியவந்தாலும் சேர்க்கையை ரத்து செய்யலாம். அப்போது நாம் மேலே சொன்ன எந்தப் பிரிவும் துணைக்கு வராது.